சோற்றை நிறுத்த வேண்டுமா? முதலில் இரத்தசோகையைக் கவனியுங்கள்

வாசகியின் கடிதம்:

எனக்கு 44 வயது. திருவாரூர் மாவட்டத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை நடத்துகிறேன். காலையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் இரவு வரை உட்கார்ந்த வேலைதான். சென்ற மாதம் எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில், வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரி 6.1, இரத்த அழுத்தம் 138/88, ஹீமோகுளோபின் 9.8 என்று எழுதிக் கொடுத்து, ‘சர்க்கரை வரப்போகிறது’ என்று சொன்னார்கள். உயரம் 154 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. சோற்றை அடியோடு நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறச் சொல்கிறார் என் அக்கா. மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் எனக்கென்று தனியாகச் சமைக்க முடியாது. இப்போதே மாத்திரை தொடங்கலாமா? ஆவாரம்பூக் கஷாயம் குடித்தால் போதுமா? எண்பது வகைப் பரிசோதனைகள் அடங்கிய முழு உடல் பரிசோதனையைச் சலுகை விலையில் செய்வதாகச் சொல்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளட்டுமா?

மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் சர்க்கரையைப் பற்றிப் பல கேள்விகள் இருக்கின்றன, ஹீமோகுளோபின் 9.8 என்பதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்தச் சீட்டை நீங்கள் என்னிடம் நேரில் காட்டியிருந்தால் நான் முதலில் நின்றிருக்கக்கூடிய இடம் அதுதான். ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி அங்கிருந்து தொடங்குகிறேன். சர்க்கரையைப் பற்றிய பதிலும் அதனோடு பின்னிப் பிணைந்துதான் இருக்கிறது.

கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 8 முதல் 10.9 வரை இருந்தால் நடுத்தர அளவிலான இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே அதை நோயாகவே கருதாத பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், மாலையில் கால் இழுப்பதையும், காரணமில்லாமல் எரிச்சல் வருவதையும் ‘வேலைக் களைப்பு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். உங்களை நான் நடக்கச் சொல்லப் போகிறேன். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளே குறைவாக இருக்கும்போது நடக்கச் சொன்னால் நான்காம் நாளே நிறுத்திவிடுவீர்கள், அது உங்கள் குற்றமாகவும் இருக்காது.

44 வயதில் ஹீமோகுளோபின் குறைவதற்கு மிகப் பொதுவான காரணம் மாதவிடாயில் அதிக இரத்தம் போவது. போக்கு ஏழு நாட்களைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் சென்று கருப்பையை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். ‘மாதவிடாய் நிற்கப்போகும் வயது, அப்படித்தான் இருக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடக் கூடாது. மூலத்தில் இரத்தக் கசிவு உண்டா என்பதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி அடிக்கடி விழுங்கும் வழக்கம் தையல் வேலை செய்வோரிடம் அதிகம். அவ்வகை வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, வெளியே தெரியாமல் இரத்தம் கசியச் செய்யும். நீங்கள் முழு சைவம் என்றால் வைட்டமின் பி12 குறைபாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் இது இரும்புச்சத்துக் குறைபாடாகவே இருக்கும். முழு இரத்த அணுப் பரிசோதனையும், உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் அதை உறுதிசெய்துவிடும். இரும்புச்சத்து மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் தேநீர், காபி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து உட்கொண்டால் உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், மாத்திரையின் இயல்பு அது. வயிறு புரட்டினால் இரவு உணவுக்குப் பின் எடுத்துப் பாருங்கள், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு புள்ளியாவது உயர வேண்டும். உயரவில்லையென்றால் காரணத்தை மேலும் தேட வேண்டும். அளவு 12-ஐ எட்டிய பிறகும் உடலின் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். பெரும்பாலானவர்கள் பாதியில் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

இனிச் சர்க்கரைக்கு வருகிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட ‘மூன்று மாதச் சராசரி’ என்பது, சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்து சொல்லும் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்புச்சத்து குறையும்போது புதிய அணுக்கள் உருவாவது மந்தமாகி, இரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடிவிடுவதால், சர்க்கரை உண்மையில் ஏறாமலேயே அந்தச் சராசரி சற்று உயர்ந்து காட்டக்கூடும். ஆகவே உங்கள் 6.1 என்ற எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. அதே காரணத்தால், இரும்புச்சத்து மாத்திரை எடுத்து மூன்று மாதம் கழித்து அது 5.8 ஆகக் குறைந்தால், சர்க்கரை குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடவும் கூடாது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்பதை இரத்தசோகை அந்த வகையில் பாதிப்பதில்லை. 100-க்குக் கீழே இயல்பு, 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு, இடையில் இருப்பது முன்நிலை. முகாமில் விரல் நுனியில் குத்தி எடுத்த அளவு என்பதால் ஆய்வகத்தில் கையின் இரத்தநாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அன்றைக்கே 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுங்கள். அந்த அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை முன்நிலை. 200-உம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. உங்கள் நிலையில் நம்பத் தகுந்த பரிசோதனை இதுவே. கர்ப்ப காலத்தில் உங்களுக்குச் சர்க்கரை இருந்ததாக யாராவது சொல்லியிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் தெரிவியுங்கள், ஏனெனில் அத்தகையவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல்.

முன்நிலை என்றால் நோய் வந்தே தீரும் என்று பொருள் அல்ல. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போன்ற முன்நிலையில் இருந்த 531 பேர் பங்கெடுத்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் வந்தது என்பதை எடை இயந்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோகும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 2002-இல் வெளியான இதே போன்ற ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைக்க முயன்று வாரம் 150 நிமிடம் நடந்தவர்களுக்கு ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. உங்கள் எடையில் 7 சதவீதம் என்பது ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 68 கிலோவிலிருந்து 50-க்கு வர வேண்டும் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம். ஓராண்டில் 63-ஐ எட்டினாலே மருத்துவரீதியாக அது பெரிய மாற்றம்.

மாத்திரையைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இந்த அளவுகளை வைத்து இப்போதே மெட்ஃபார்மின் தொடங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. குளுக்கோஸ் பரிசோதனையின் முடிவு வேறாக இருந்தாலோ, ஆறு மாத முயற்சிக்குப் பிறகும் அளவுகள் ஏறிக்கொண்டே போனாலோ உங்கள் மருத்துவர் அதைப் பரிந்துரைக்கலாம். அப்போது தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்; மாத்திரை என்பது தோல்வியின் அடையாளம் அல்ல.

சோற்றை அடியோடு நிறுத்தும் யோசனையை நான் ஏற்கவில்லை. தஞ்சை, திருவாரூர்ப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒருவர் சோற்றை முழுமையாக விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சில வாரம் பொறுத்துக்கொண்டு, பிறகு ஒரு கல்யாண வீட்டிலோ பண்டிகையிலோ அந்த விரதம் உடைந்து, அதன் பின் முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுவதையே காண்கிறேன். தவிர, குறை சோற்றில் மட்டும் இல்லை. காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சாம்பார்ச் சோறும் இரசச் சோறும் மோர்ச் சோறும், மாலையில் பஜ்ஜியோ முறுக்கோ, இரவில் மீண்டும் தோசை என்று ஒரு நாள் முழுவதும் மாவுச்சத்தே வெவ்வேறு உருவத்தில் தட்டுக்கு வருகிறது; காய்கறியும் பருப்பும் அதற்குத் தொடுகறியாகச் சுருங்கிவிடுகின்றன. மாற்ற வேண்டியது இந்த விகிதத்தைத்தான்.

மதியத்துக்கு உங்கள் பங்கை அரிசியாகவே அளந்து போடுங்கள். 75 கிராம், அதாவது சமையலறை டம்ளரில் அரைக்குச் சற்றுக் குறைவு. வெந்த பிறகு அது பசியாறப் போதுமான சோறாகும். தட்டில் பாதி இடத்தைக் காய்க்கும் கீரைக்கும் கொடுங்கள். அவரை, கொத்தவரை, வெண்டை, புடலை, சுரை, வாழைப்பூ, முருங்கைக்கீரை என எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இந்தக் கணக்கில் சேராது, அவை சோற்றின் பங்கைச் சேர்ந்தவை. மீதியுள்ள கால் பங்கில் கெட்டிப் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ இருக்கட்டும். மத்தியும் அயிலையும் விலை குறைந்த மீன்கள்; சத்தில் விலை உயர்ந்த மீன்களுக்கு அவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல, ஆனால் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். சாப்பிடத் தொடங்கும்போது காயையும் பருப்பையும் முதலில் பாதியாவது சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைத்தால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

தனிச் சமையல் தேவையில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். அடுப்பில் இருக்கும் அதே சாம்பார், அதே பொரியல். மாறுவது பொரியலின் அளவும் உங்கள் தட்டில் அதன் இடமும் மட்டுமே. வளரும் பிள்ளைகள் கூடுதலாகச் சோறு போட்டுக்கொள்ளலாம். பாட்டிக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முன்நிலை என்றிருக்கும் வீட்டில் பிள்ளைகள் இந்தத் தட்டைப் பார்த்து வளர்வது அவர்களுக்கும் நன்மை. மாமியாருக்கு மெல்லுவது சிரமம் என்றால் கூட்டாக, மசியலாகச் செய்யுங்கள். உங்களுக்கும் அது பொருந்தும்.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். வரகும் சாமையும் தினையும் நார்ச்சத்து உள்ள நல்ல தானியங்கள், வாரத்தில் சில நாள் அவை சோற்றின் இடத்துக்கு வருவதை வரவேற்கிறேன். ஆனால் அவையும் மாவுச்சத்து நிறைந்தவையே. ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் இல்லை. கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை சோற்றைப் போலவே வேகமாக ஏறக்கூடும். அரிசியில் தேர்வு செய்ய முடிந்தால் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல், அதுவும் அதிகம் தீட்டாதது. இரவுத் தோசையை மூன்றிலிருந்து இரண்டாக்கி, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கெட்டியான பயறுக் குழம்போ காய்ச் சாம்பாரோ நிறைய வைத்துக்கொள்ளுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறைச் சேர்த்து அரைத்துச் சுடும் அடையும் நல்ல மாற்று. முடிந்தால் எட்டு மணிக்குள் உணவை முடித்துவிடுங்கள்.

தேநீர் எத்தனை வேளை என்று நீங்கள் எழுதவில்லை. தையல் கடையில் வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் தேநீர் போடும் வழக்கம் உண்டென்பதால் கேட்கிறேன். நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் அதுவே முப்பது நாற்பது கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் மிகவும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரையே. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள், ஏனெனில் கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் அது தடுக்கிறது.

உப்புக்கும் எண்ணெய்க்கும் நான் சொல்லும் வழி, கரண்டியை அளப்பதைவிட மளிகைப் பட்டியலை அளப்பது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்பது உச்ச வரம்பு. ஐந்து பேர் உள்ள உங்கள் வீட்டுக்கு 25 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் நாற்பது நாளாவது வர வேண்டும். மாதம் ஒன்றரைக் கிலோ தீர்கிறது என்றால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்குக்கு மேல் வருவது. இந்துப்புக்கும் கல்லுப்புக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. சோடியம் குறைத்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களோ சில வகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களோ வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். எண்ணெய் ஐந்து பேருக்கு மாதம் மூன்று லிட்டருக்குள் இருக்கட்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பொரித்த எண்ணெயை மறுபடி பொரிப்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

138/88 என்ற இரத்த அழுத்தத்தை வைத்து உங்களை நோயாளி என்று சொல்ல மாட்டேன். முகாமில் வரிசையில் நின்று, சத்தத்துக்கு நடுவே, பயத்தோடு கை நீட்டி எடுத்த அளவு அது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்து, சிறுநீர் கழித்த பிறகு, காபி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, கையை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் எடுத்தால்தான் அது சரியான அளவு. மேற்கையில் கட்டும் கருவி ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்தால் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் மருத்துவர் அடுத்ததை முடிவு செய்வார். மணிக்கட்டில் கட்டும் கருவியை நம்ப வேண்டாம்.

நடை விஷயத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடக்கும் திட்டத்தை உங்களைப் போன்ற வீட்டு நிலை உள்ளவர்களுக்கு நான் எழுதித் தருவதில்லை. இட்லியை வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடையைத் திறக்க வேண்டிய பெண்ணால் அதைத் தொடர முடிவதில்லை. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ நடங்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தசைகள் நேரடியாக எடுத்துக்கொள்ளும் நேரம் அதுதான். மூன்று வேளையும் நடந்தால் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கைத் தாண்டிவிடுவீர்கள். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய முதல் மாதம் மெதுவாக நடந்தால் போதும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளுங்கள்.

உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கணக்கில் இருப்பது தனியானதொரு கேடு. காலையில் நடந்துவிட்டோம் என்பதால் அது ஈடாகிவிடாது. ஒரு இரவிக்கை முடித்தவுடன், அல்லது அரை மணிக்கொரு முறை எழுந்து, துணி வெட்டும் வேலையையும் இஸ்திரி போடும் வேலையையும் நின்றுகொண்டு செய்யும்படி மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் துணியையும் ஒரே மூச்சில் வெட்டி வைத்துவிட்டு நாள் முழுக்கத் தைப்பதைவிட இது உடம்புக்கு நல்லது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது, படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. கழுத்துவலியோ முதுகுவலியோ உங்களுக்கு இருந்தால் வலி மாத்திரையைவிட இவை உதவும் என்பதையும் காண்பீர்கள். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையும் நாட்களில் பசியும் கூடும், அழுத்தமும் ஏறும். உங்களுக்குக் குறட்டை அதிகம் என்று வீட்டில் சொன்னால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஆவாரம்பூக் கஷாயத்தையோ வெந்தயத்தையோ நீங்கள் உணவின் பகுதியாக எடுத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரையைச் சிறிதளவு குறைக்கவும் செய்யும். அவற்றைக் குடித்துவிட்டதால் பரிசோதனை வேண்டாம், சோற்றின் அளவு குறைய வேண்டாம் என்று எண்ணுவதைத்தான் மறுக்கிறேன். ‘சர்க்கரைச் சூரணம்’ என்று பெயர் விலாசம் இல்லாத பொட்டலங்களில் விற்பதை மட்டும் தொடவே வேண்டாம். அத்தகைய பொடிகளில் ஆங்கில மருந்துகளைச் சொல்லாமல் கலந்து விற்பது பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

எண்பது பரிசோதனைத் தொகுப்பு உங்களுக்குத் தேவையில்லை. எண்பது எண்களைப் பார்த்தால் அவற்றில் மூன்று நான்கு எப்படியும் வரம்புக்கு வெளியே இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஓடுவதில் பணமும் நிம்மதியும் போகும், அதே சீட்டில் 9.8 என்ற உண்மையான பிரச்சினை கவனிக்கப்படாமல் கிடக்கும். முழு இரத்த அணுப் பரிசோதனை, ஃபெரிட்டின், நான் சொன்ன குளுக்கோஸ் பரிசோதனை, கொலஸ்ட்ரால், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகியவை போதும். இவற்றில் பலவற்றை அரசு மருத்துவமனையிலேயே கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக் கீரைக்கும் முட்டைக்கும் செலவிடுங்கள் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன். உங்கள் வயதுப் பெண்கள் கட்டாயம் செய்துகொள்ள வேண்டிய ஒன்று அத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பதில்லை: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அதையும் மார்பகப் பரிசோதனையையும் இலவசமாகச் செய்கிறார்கள். மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்றே முடித்துவிடுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது, ஏனெனில் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது 112 என்ற எண் அல்ல, அவருடைய கால். நீரிழிவு வந்தவர்கள் எல்லோருக்கும் கால் போவதில்லை. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருக்கும்போது கால் நரம்புகள் உணர்விழக்கின்றன, இரத்த ஓட்டம் குறைகிறது, முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் வலி தெரிவதில்லை. கவனிக்கப்படாத அந்தப் புண்ணில் தொற்று ஏறி எலும்பு வரை போன பிறகே வீட்டாருக்குத் தெரிகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தடுக்க இடம் உண்டு. நீங்கள் அதன் தொடக்கத்துக்கும் முன்னால் நிற்கிறீர்கள்.

அம்மாவின் இன்னொரு காலைக் காப்பது இப்போது அவசரமான வேலை. தினமும் இரவு யாராவது ஒருவர் அந்தப் பாதத்தைக் கையில் எடுத்து, விரல் இடுக்கையும் அடிப்பாதத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவரால் குனிந்து பார்க்க முடியாது, பார்வையும் மங்கியிருக்கலாம். வீட்டுக்குள்ளும் மிருதுவான செருப்பு அணியட்டும். வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள், வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவக் கூடாது. சிவப்போ வீக்கமோ சிறு புண்ணோ கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் நடக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடமாட முடியாத அவருக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் பகுதித் துணைச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

உங்களுக்கு இனி வேண்டியது, உங்கள் பழைய சீட்டுகளைப் பார்த்து இப்போதைய சீட்டைப் புரிந்துகொள்ளும் ஒரே மருத்துவர். அவர் தெருமுனையில் சிகிச்சையகம் வைத்திருப்பவராக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருக்கலாம். முகாமுக்கு முகாம் மாறிப் போவதைவிட அவரிடமே தொடர்ந்து போவதில் பயன் அதிகம். ஒரு சிறு நோட்டில் தேதியோடு எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், பரிசோதனை அளவுகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இந்த வாரமே இரத்தப் பரிசோதனை, ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் மட்டும், மூன்று மாதத்தில் எடையும் அழுத்தமும், ஆறு மாதத்தில் மீண்டும் சர்க்கரை என்று போனால் போதும். அதற்கு முன்பே அளவுக்கு மீறிய தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், முயலாமலே எடை குறைவது ஆகியவை தோன்றினால் காத்திருக்காமல் செல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழப்பது, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

குளுக்கோஸ் பரிசோதனையின் இரண்டு அளவுகளும் ஃபெரிட்டின் முடிவும் கைக்கு வந்ததும், மாதவிடாய் பற்றி நான் கேட்டவற்றுக்கான பதிலோடு மீண்டும் எழுதுங்கள். அவற்றை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.